லூயிஸ் தீவில் கார் இல்லாமல் ஊயிக் செல்ல வழி வேண்டும்

ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள லூயிஸ் தீவுக்கு வந்து, நானும் என் மனைவியும் ஸ்டோர்னவே நகரில் தங்கியிருக்கிறோம். முன்பதிவு செய்திருந்த ஆட்டோமேட்டிக் காரை வாடகை நிறுவனம் இன்று ரத்து செய்துவிட்டது. கியர் மாற்றி ஓட்டும் கார்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றை ஓட்ட எங்கள் இருவருக்கும் தெரியாது.

மற்ற வாடகை நிறுவனங்களிலும் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. டாக்சிக்குச் சொன்ன கட்டணம் எங்களால் தாங்க முடியாதது. சுமார் 5000 ஆண்டுப் பழமையுடைய காலனிஷ் நடுகற்களையும், 9 மீட்டர் வரை சுவர் நிற்கும் டன் கார்லோவே கற்கோபுரத்தையும் மேற்குக் கரைப் பேருந்தில் நாளை சனிக்கிழமை பார்த்துவிடலாம். ஞாயிறன்று தீவில் பேருந்து ஓடாது. செவ்வாய் காலை பெருநிலத்திலுள்ள உல்லாப்பூல் துறைமுகத்துக்குக் கப்பலில் திரும்புகிறோம். ஆகவே தீவின் மேற்கு ஓரத்திலுள்ள ஊயிக் பகுதிக்குத் திங்கள் மட்டுமே மிஞ்சுகிறது.

வால்ரஸ் என்னும் கடல் விலங்கின் தந்தத்தில், நார்வேயில் செதுக்கியதாகக் கருதப்படும் 12ஆம் நூற்றாண்டுச் சதுரங்கக் காய்கள் 1831இல் வெளிப்பட்டது அங்குள்ள ஆர்ட்ராயில் மணற்கரையில்தான் என்பார்கள். 1266 வரை இத்தீவு நார்வே அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததற்கு, அவற்றைவிட உயிருள்ள சான்று எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலான காய்கள் லண்டனில் இருக்கின்றன. ஆறு காய்கள் மட்டும் இங்குள்ள லூஸ் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றைப் பார்த்தபின் அந்தக் கரையைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை.

ஊயிக் பேருந்துக்குப் பள்ளி நாளில் ஒரு நேரமும் விடுமுறையில் வேறு நேரமும் அட்டவணையில் உள்ளதால், மாலையில் திரும்பும் வண்டி கிடைக்குமா என்பது புரியவில்லை.

ஜூன் மாதத் திங்கட்கிழமையில் ஸ்டோர்னவேயிலிருந்து பேருந்தில் ஊயிக்கின் ஆர்ட்ராயில் கடற்கரைக்குச் சென்று, அன்றே திரும்பியவர் எவரேனும் இருந்தால், எந்த வண்டியில் சென்று எங்கே இறங்கினீர்கள்?