டின் காளான் சமைத்த அனுபவம்: உங்கள் வீட்டில் எப்படி?

செந்தூல்வாசி
புரட்டாசி வந்துவிட்டால் எங்கள் அலமாரியில் சார்டின் டின்கள் பின்வரிசைக்குப் போய்விடும். காளான் டின்கள் முன்னால் வந்து நிற்கும். டின் காளான் சவசவ என்று இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள், தண்ணீரோடு அப்படியே வாணலியில் கொட்டுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். டின்னை மூடிய பிறகு கடும் சூட்டில் வேகவைத்துத்தான் கடைக்கே அனுப்புகிறார்கள். இனி வேகவைக்க அதில் என்ன இருக்கிறது? உப்புத் தண்ணீரை விரட்டிவிட்டு ஓரத்தைச் சிவக்க வைப்பதுதான் நம் வேலை.

நன்றாக அலசி, துணியில் ஒற்றி, எண்ணெய் விடாத இரும்புச் சட்டியில் பெரிய தீயில் போடுவேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அந்தச் சத்தம் அடங்கி, வெட்டிய பக்கம் பழுப்பேறிய பிறகுதான் எண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம். இடித்த மிளகு இறக்கும்போது. உப்பை ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

ஆயர் ஈத்தாம் மருமகள்
அக்கா, மொட்டுக் காளானுக்கு நீங்கள் சொல்வது சரி. தோம் யாம் என்ற புளிப்பும் காரமுமான சூப்புக்கு நான் வாங்குவது வைக்கோல் காளான். அதைப் பச்சையாகக் குளிர்பெட்டியில் வைத்தால் நீர்விட்டுக் கூழாகிவிடும். அதனால் டின்தான் கைகொடுக்கிறது. இரண்டாகப் பிளந்து, அடுப்பை அணைக்கச் சற்று முன் போடுவேன். முழுதாகப் போட்டால் கொதிக்கும் சாறு உள்ளேயே நிற்கும். மாமனார் ஒருமுறை ஆவலாகக் கடித்துவிட்டு, நாக்கை வெளியே நீட்டியபடி விசிறியைத் தேடினார்!

இன்னொன்று: 425 கிராம் என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'பெராட் தொஸ்கான்' என்று மலாயில் பக்கத்தில் இருப்பதுதான் தண்ணீரை வடித்த பிறகு காளானின் எடை. பல டின்களில் அது பாதியை ஒட்டித்தான் வரும்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி
கண்ணாடிப் புட்டியில் வருவதை யாரும் சொல்லவில்லையே? வினிகரில் ஊறியதைத் தேங்காய்ப்பால் குருமாவில் போட்டார் என் அறைத்தோழர். பால் திரிந்து, புளிப்பு தனியாக நின்றது. எண்ணெயில் ஊறிய வகை நல்லது, விலைதான் கையைக் கடிக்கும். அந்த எண்ணெயிலேயே பூண்டு தாளித்து முட்டை பொரித்துப் பாருங்கள்.

கிள்ளான் சாலை
மலிவு விற்பனையில் மூடி உப்பிய டின் ஒன்றைக் காட்டினேன். "தட்டினால் அமுங்கிவிடும்" என்றார் கடைக்காரர். நல்ல யோசனை! உப்பிய டின்னில் கிருமி உண்டாக்கும் பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம், அதை வாசனையோ ருசியோ காட்டிக்கொடுக்காது. ருசி பார்க்கவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம், வாங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள். ஒரு கேள்வி: பாதி மீந்தால் டின்னோடு குளிர்பெட்டியில் வைக்கலாமா?

செந்தூல்வாசி
வேண்டாம் தம்பி, டின்னின் வாடை ஏறிவிடும். மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மறுநாள் வறுத்த நூடுல்ஸான மீ கோரேங்கிலேயே காலியாகிவிடும்.