பழைய போட்டோல இருக்குற இந்த ராணுவ பைபிளேன் எதுன்னு சொல்ல முடியுமா?

பழையஆல்பம்:
வணக்கம் நண்பர்களே. ஒரு பழைய ஆல்பத்துல கிடைச்ச போட்டோ இது, பின்பக்கம் ஒண்ணுமே எழுதல. முதல் உலகப்போர் காலத்து மெஷின்ங்கிற வரைக்கும் புரியுது, அதுக்கு மேல நகர முடியல. ஸ்கேன் சுமாரா இருக்குறதால கண்ணுக்கு தெரியுறத எழுதிடுறேன். ஒவ்வொரு பக்கமும் ரெண்டு இறக்கைக்கும் நடுவுல ரெண்டு ஜோடி ஸ்ட்ரட் (இறக்கைய தாங்குற கம்பு), மேல் இறக்கை கொஞ்சம் முன்னாடி தள்ளி இருக்கு, நாலு பிளேடு ப்ரொப்பெல்லர், இன்ஜின்ல இருந்து ரெண்டு குழாய் மேல் இறக்கைக்கு மேல வரைக்கும் நீளுது, காக்பிட் ரெண்டு, தனித்தனியா. சக்கரத்துக்கு நடுவுல ஸ்கிட் (தரையில சறுக்குற கட்டை) இல்ல. உடம்புல இருக்குற நாட்டு அடையாள வட்டத்துல நடுப்புள்ளி கறுப்பா, வெளி வளையம் வெளிறி இருக்கு. நடுவுல நீலம்னா பிரெஞ்சு விமானம்தானே? ஆனா எவ்வளவு தேடியும் பிரெஞ்சு படம் எதோடயும் ஒத்துப்போகல.

வானவீதி:
ஆவ்ரோ 504 மாதிரி இருக்கே. ரெண்டு பேர் உக்கார்றது, ரெண்டு ஜோடி ஸ்ட்ரட், எல்லாம் சரியா வருது. ஆயிரக்கணக்குல செஞ்ச மெஷின் வேற.

ஸ்ட்ரட்டும்கம்பியும்:
ஆவ்ரோ 504 இல்லைங்க. அதுல ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஒரு நீள ஸ்கிட் முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும், அத பாக்காம இருக்கவே முடியாது. இன்ஜினும் பெரும்பாலும் ரோட்டரி (சிலிண்டர்களே சேர்ந்து சுத்துற வகை), வட்டமான கவுலிங் மூடிக்குள்ள இருக்கும், அதுல இந்த மாதிரி ரெண்டு புகைக்குழாய் மேல வராது.

அப்புறம் பழையஆல்பம் சார், அந்த வட்டத்த பத்தி முக்கியமா சொல்லணும், இதுலதான் நிறைய பேர் தடம் மாறிடுறாங்க. அந்தக் காலத்து போட்டோ பிளேட்டுக்கு சிவப்பு கிட்டத்தட்ட தெரியவே தெரியாது, அதனால சிவப்பு கறுப்பா விழும், நீலமோ நம்ம கண்ணு எதிர்பார்க்குறதுக்கு நேர்மாறா வெளிறிப்போய் விழும். அப்போ நடுவுல கறுப்பு, வெளிய வெளிறல்னா நடுவுல சிவப்பு, வெளிய நீலம், அதாவது பிரிட்டிஷ். பிரெஞ்சு மெஷின்னா இதே பிளேட்ல நடுப்புள்ளி வெளிறி, வெளி வளையம்தான் கறுப்பா இருக்கும். ரட்டர்ல (வால்ல இருக்குற திருப்புற பலகை) வண்ணப் பட்டை இருந்தாலும் அத வச்சு முடிவு பண்ண முடியாது, ஏன்னா அப்போ ரெண்டு நாடும் முன்னாடி நீலம், நடுவுல வெள்ளை, பின்னாடி சிவப்புன்னு ஒரே வரிசையிலதான் பூசினாங்க.

இப்போ இன்ஜினுக்கு வாங்க. மேல போற ரெண்டு குழாய், நாலு பிளேடு, இது ரெண்டும் சேர்ந்தாலே எனக்கு பி.இ.2சி-ங்கிற பிரிட்டிஷ் விமானம்தான் ஞாபகம் வரும். அதுல இருந்த ஆர்.ஏ.எஃப். 1ஏ இன்ஜின் 90 குதிரைசக்தி, காத்துல குளிர்ற வி-8. அதுல ப்ரொப்பெல்லர் கேம்ஷாஃப்ட்ல (வால்வ திறந்து மூடுற தண்டு) இருந்து ஓடும், அதனால இன்ஜின் வேகத்துல பாதிதான் சுத்தும், மெதுவா சுத்துறதாலதான் அவ்வளவு பெரிய நாலு பிளேடு. மேல் இறக்கை முன்னாடி தள்ளி இருக்குறதும் 2சி-ல வந்த மாத்தம்தான், அதுக்கு முந்தின மாடலான 2ஏ, 2பி ரெண்டுலயும் இறக்கைங்க நேருக்கு நேரா இருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரே ஜோடி ஸ்ட்ரட், கீழ் இறக்கை சின்னதுன்னா பின்னாடி வந்த 2இ மாடல்னு சொல்லியிருப்பேன்.

மேகத்துக்குமேல:
எஃப்.கே.3-ங்கிற இன்னொரு பிரிட்டிஷ் விமானத்தையும் ஒரு தடவ பாத்துடலாமே? அதே இன்ஜின், அதே நாலு பிளேடு, தூரத்துல எடுத்த படம்னா ரொம்பவே ஏமாத்தும்.

ஸ்ட்ரட்டும்கம்பியும்:
நல்ல கேள்வி, ஆனா எஃப்.கே.3-ல ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நீளக் காக்பிட், பைலட் முன்னாடி உக்காருவார். இவர் தனித்தனியா ரெண்டுன்னு சொல்றார். பி.இ.2சி-ல பைலட் பின்னாடி, அப்சர்வர் (நோட்டம் பாக்குறவர்) முன்னாடி, அதுவும் சுத்தி ஸ்ட்ரட்டும் கம்பியுமா இருக்குற இடத்துல. பாவம் அந்த ஆளு, துப்பாக்கிய எந்தப் பக்கம் திருப்பினாலும் நம்ம விமானமே குறுக்க நிக்கும். 1915 கடைசியில ஜெர்மன்காரங்களோட ஃபோக்கர் மோனோபிளேன் வந்தப்போ இந்த மெஷின்ல போனவங்க அவ்வளவு பேர் செத்ததுக்கு இதுவும் ஒரு காரணம். தானா ஆடாம அசையாம பறக்கணும்னு வடிவமைச்சாங்க, போட்டோ எடுக்க அருமையா இருந்துச்சு, எதிரி வந்தா சட்டுன்னு திரும்பத் தெரியல. ஆனா அதே நிதானம் ராத்திரியில கைகொடுத்துச்சு, 1916 செப்டம்பர்ல பிரிட்டிஷ் பைலட் லீஃப் ராபின்சன் ஜெர்மனியோட எஸ்.எல்.11 ஆகாயக்கப்பல வீழ்த்தினது ஒரு பி.இ.2சி-லதான்.

பழையஆல்பம்:
ரொம்ப நன்றிங்க, அந்த நிற விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது. உருப்பெருக்கிய வச்சு பாத்தேன், வால்ல நாலு இலக்க நம்பர் இருக்கு, எழுத்து எதுவும் இல்ல. முதல் இலக்கம் 4 மாதிரி, மத்தது மங்கல். ரட்டர்ல பட்டை இருக்கு.

ஸ்ட்ரட்டும்கம்பியும்:
அப்போ காலமும் ஓரளவுக்கு சிக்கிடுச்சு. ரட்டர் பட்டை 1915-ல வந்த வழக்கம், அதனால போட்டோ அதுக்கு முன்னாடி எடுத்ததா இருக்காது. நம்பருக்கு முன்னாடி ஏ, பி-ன்னு எழுத்து போட ஆரம்பிச்சது 1916-ல, அதுக்கு முந்தின வரிசையில ஆர்டர் பண்ண மெஷின் இது. ஆனா 2சி-ய பயிற்சிக்கு ரொம்ப நாள் ஓட்டினாங்க, அதனால போட்டோ எடுத்த வருஷம் பின்னாடி கூட இருக்கலாம். இந்த மாடல பல கம்பெனிங்க செஞ்சாங்க, முழு நம்பர் கிடைச்சா எந்த கம்பெனி செஞ்சதுன்னு பாத்துடலாம். வால் பகுதிய மட்டும் 1200 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணி, கான்ட்ராஸ்ட்ட தொடாம அப்படியே போடுங்க.