தாம்பூலப் பைக்கு என்ன மிட்டாய்?

பிரியா: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை 250 சொல்லியாச்சு. தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், அப்புறம் பைக்கு நாலு காபி பைட். எல்லாருக்கும் சரியா?

வசந்தா அத்தை: காபி பைட் வேண்டாம்மா. அது கொரியாக்காரன் கம்பெனியாம், எங்கள் தெரு குழுவில் போட்டிருந்தார்கள். நம் ஊர் கடலை மிட்டாய் போடு.

கார்த்திக்: அது பாரி மிட்டாய்தானே அத்தை?

சேகர் சித்தப்பா: மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சா?

செல்வம் பெரியப்பா: வசந்தா, கொரியா என்பது உண்மைதான். 2004இல் பாரியின் மிட்டாய்க் கம்பெனியைத் தென்கொரியாவின் லோட்டே வாங்கிவிட்டது. ஆனால் அதன் வேர் நம் நெல்லிக்குப்பத்தில் இருக்கிறது. தாமஸ் பாரி என்ற வேல்ஸ்காரர் 1788இல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கினார். பாரிமுனை ஒன்று கொடுங்கள் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அந்தப் பாரி. அவர் காலத்துக்குப் பிறகு, 1842இல், அந்தக் கம்பெனி நம் ஊரில் சர்க்கரை ஆலை போட்டது. சர்க்கரை வீட்டு வாசலிலேயே இருந்தது, 1914இல் மிட்டாயும் இங்கேயே போட ஆரம்பித்தார்கள்.

மலர்: காபியா டாபியா என்று டிவி விளம்பரத்தில் சண்டை போடுவார்களே, அந்த மிட்டாய் நம் ஊர்க் கம்பெனியா மாமா?

செல்வம் பெரியப்பா: ஆமாம்மா. இன்னொன்று கேள். லோட்டேயும் கொரியாவில் பிறக்கவில்லை. ஷின் கியோக் ஹோ என்ற கொரியர் 1948இல் டோக்கியோவில் தொடங்கினார், முதலில் விற்றது சூயிங்கம். பெயர், கெத்தே எழுதிய ஜெர்மன் நாவலின் நாயகி சார்லோட்டேயிடமிருந்து எடுத்தது. அவளைச் செல்லமாக லோட்டே என்பார்கள்.

கார்த்திக்: நாவல் நாயகி பெயரில் மிட்டாய்க் கம்பெனி!!

சேகர் சித்தப்பா: அண்ணே, அட்வான்ஸ்

மலர்: தாத்தா ஆலையிலிருந்து வரும்போது சட்டைப் பையில் காபி பைட் இருக்கும். உடம்புச் சூட்டில் இளகி, காகிதம் மிட்டாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காகிதத்தோடு வாயில் போட்டுச் சப்பிவிட்டுத் துப்புவோம்.

வசந்தா அத்தை: உனக்காவது கிடைத்தது. சின்ன வயதில் அப்பா பாரி மிட்டாய் வாங்கி வந்தால் குமாருக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

செல்வம் பெரியப்பா: எனக்கு அதுவும் இல்லை வசந்தா, மூத்தவன் விட்டுக்கொடு என்பார். முப்பது வருஷம் அந்த எடைமேடையில் நின்றவர். ராத்திரி வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் கரும்புப்பால் வாசம். அவர் பெயரைச் சொல்லி இந்த மிட்டாயைக் கொடுத்தால் எனக்கு நிம்மதி.

வசந்தா அத்தை: அப்பா பெயரைச் சொன்னால் நான் என்ன சொல்ல. இரண்டு காபி பைட், இரண்டு கடலை மிட்டாய் போடு.

கார்த்திக்: முந்திரி? பண்ருட்டி மாமா தருவதாகச் சொன்னாரே

மலர்: என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் சொன்னார்.

வசந்தா அத்தை: மலர், அதை இங்கே பேசாதே.

பிரியா: சரி, காபி பைட் 500 நான் கடலூரில் வாங்குகிறேன். கடலை மிட்டாய் யார்?

சேகர் சித்தப்பா: மண்டபத்துக்காரர் இப்போதுகூட போன் செய்தார்.

பிரியா: அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் சித்தப்பா.