இடித்த வீட்டின் அடியில் நீங்கள் கண்டது என்ன? – பழைய வேலூர் மாவட்ட அனுபவப் பகிர்வு

அணைக்கட்டுவாசி

எங்கள் பெரியப்பாவின் வீட்டை, பாகப்பிரிவினை முடிந்த கையோடு பொக்லைன் வைத்து இடித்தார்கள். நாட்டு ஓடு, முற்றம், திண்ணை என்று வீட்டின் அமைப்பு இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாசல் நடையின் பாதியை இயந்திரம் அள்ளிய பிறகு, மீதிப் பாதி செங்குத்தாக வெட்டுப்பட்டு நின்ற அந்தச் சில நிமிடங்கள்தாம் என்னை இன்னும் விடவில்லை. மேலே சிமெண்டுத் தரை, அதன் கீழே சுண்ணாம்புக் காரை, அதற்கும் கீழே சாணமும் செம்மண்ணும் மாறி மாறி மெழுகியதால் உண்டான, நகக்கனம்கூட இல்லாத எண்ணற்ற படலங்கள். அவற்றுக்கு அடியில் கரியும் சாம்பலுமாக ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அந்தக் கோட்டுக்குக் கீழே மறுபடியும் மெழுகிய தரை இருந்தது. “புதையல் ஏதாவது தெரியுதா சார்?” என்று ஓட்டுநர் சிரித்தார். அடுத்த வாளியில் அத்தனையும் லாரிக்குப் போய், எங்கோ ஒரு மனைக்கு நிரவல் மண்ணாகிவிட்டது. அந்த வீடு எப்போது எரிந்தது என்று குடும்பத்தில் எவருக்கும் தெரியவில்லை.

ஆற்காட்டார்

சாம்பலைக் கண்டதும் தீ விபத்து என்று முடிவு கட்ட வேண்டியதில்லை, நண்பரே. கரையான் ஏறாமலிருக்கத் தரைக்கு அடியில் சாம்பல் கொட்டுகிற வழக்கமும் உண்டு.

என் மாமனார் வீட்டை நவாப் காலத்து வீடு என்று ஊரே சொல்லும். வாசல் நிலையைப் பெயர்த்தபோது, வாசற்படிக் கல்லுக்கு அடியில் மூடியிட்ட சிறு மண்கலயமும், அதனுள் உமியாகிப்போன நவதானியமும், 1835 என்று பொறித்த கும்பினிக் (கிழக்கிந்தியக் கம்பெனி) காலணா ஒன்றும் இருந்தன. தச்சர் அந்தக் காசை வேட்டியில் துடைத்து, ஆண்டை உரக்கப் படித்துவிட்டுத் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெண் கொடுத்த வீட்டில் நான் எப்படிக் கேட்பது? கர்நாடக நவாபின் ஆட்சி அதிகாரத்தைக் கும்பினி 1801-லேயே எடுத்துக்கொண்டது, பட்டம் மட்டும் 1855 வரை நீடித்தது. ஆகவே அந்த நிலை பட்டத்துக் காலத்தில் வைத்ததாக இருக்கலாமே ஒழிய, ஆட்சிக் காலத்ததாக இருக்க முடியாது.

பாலாற்றங்கரையான்

ஆற்காட்டார் சொல்வதை ஏற்க இயலவில்லை. கரையானுக்குக் கொட்டுவது அடுப்புச் சாம்பல். அதில் பெரிய கரித்துண்டுகள் அதிகம் இருக்காது. கூரை எரிந்து விழுந்திருந்தால், அதன் சூட்டில் அடித்தரை செங்கல் நிறத்துக்கு வெந்திருக்கும். அணைக்கட்டு நண்பர் அதைக் கவனித்தாரா? காசு விஷயத்திலும் ஒன்று உண்டு: காசில் உள்ள ஆண்டு, நிலை அதற்கு முன் வைக்கப்படவில்லை என்பதை மட்டுமே காட்டும். அந்தக் காசு பல ஆண்டுகள் கைமாறிய பிறகும் கலயத்துக்குள் போயிருக்கலாம்.

வாணியம்பாடிப் பக்கத்தில் எங்கள் பாட்டி வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது, இடுப்பளவு ஆழத்தில் மாவு போன்ற வண்டல் வந்தது. அதற்குள் பானைகள் மூன்று, வரிசை குலையாமல், வாய்வரை வண்டல் நிரம்பி நின்றன. 1903 நவம்பரில் கர்நாடகப் பக்கத்துப் பேத்தமங்கலம் ஏரி உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவசரமாக ஓடிய யாரோ அப்படியே விட்டுப்போன சமையலறை அது என்பதுதான் என் எண்ணம்.

குடியாத்தம் ஆசிரியர்

எங்கள் தெருவில் இடித்த வீட்டின் சீமை ஓடு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அடிப்புறத்தில் மங்களூர் முத்திரை இருக்கிறது.

இனி இடிக்கப்போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஓட்டை வைத்து வீட்டின் வயதைச் சொல்லாதீர்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமயப் பணி அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். பழைய சுவரின் மேல் புது ஓடு போடுவது சாதாரணம். இடிப்பதற்கு முன் அறைகளை அளந்து, ஒரு தாளில் வரைந்து, திசையைக் குறியுங்கள். மண் வெட்டு தெரிந்தால் அருகில் ஓர் அளவுகோலை நிறுத்திப் படம் எடுங்கள். அளவு தெரியாத படத்தால் பயன் குறைவு. ஒவ்வொரு தரையிலிருந்தும் கிடைக்கும் ஓட்டாஞ்சில்லுகளைத் தனித்தனிப் பையில் போடுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மேலும் நம் மண்ணின் கீழே இருப்பது தாத்தா காலத்தோடு முடிவதில்லை. திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, புதிய கற்கால மக்கள் குழி தோண்டி வாழ்ந்த குடியிருப்புகளே வெளிப்பட்டன.

அணைக்கட்டுவாசி

ஆசிரியர் ஐயா, வீடு போன பிறகு அளவுகோலுக்கு நான் எங்கே போவேன்? பாலாற்றங்கரையான் கேட்டதற்காகக் கைப்பேசியில் இருந்த ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டின் வலப்பக்கத்தில் மண் நன்றாகச் சிவந்திருக்கிறது, இடப்பக்கத்தில் வெறும் சாம்பல்தான். இடப்பக்கத்து மனை சித்தப்பாவின் பங்கு. அங்கே தை மாதம்தான் கடைக்கால் எடுக்கிறார்கள். கூலியாட்களை வைத்துக் கையால் தோண்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செலவு யாருடையது என்று கேட்கிறார்.