வெள்ளத்தில் நின்ற ஸ்விஃப்ட் டீசல்: எஞ்சினைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

தென்சென்னைவாசி

அனைவருக்கும் வணக்கம். 2014-இல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் டீசல் வண்டி என்னிடம் இருக்கிறது. இதுவரை 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற மாத மழையில், ஆழம் தெரியாமல் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கிவிட்டேன். பாதி வழியில் வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. பதற்றத்தில் மூன்று முறை சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முறை, உள்ளே இரும்போடு இரும்பு மோதியது போன்ற சத்தம் கேட்டது.

எஞ்சினைத் திறந்து பார்த்த மெக்கானிக், மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு) வளைந்திருப்பதையும் அந்தச் சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருப்பதையும் காட்டினார். ஆயில் முழுவதும் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவை நான் எடுக்கவில்லை. தண்ணீர் புகுந்த எஞ்சினை முடுக்கியதால் வந்த சேதம் தொடர்விளைவுச் சேதம் என்பதால், அதற்குப் பணம் கிடைக்காது என்று காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் சொல்லிவிட்டார்.

இப்போது என்னிடம் மூன்று மதிப்பீடுகள் உள்ளன. புதிய எஞ்சின் பொருத்த 2,10,000 ரூபாய், இருப்பதைச் சரிசெய்ய 95,000 ரூபாய், புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்கிப் பொருத்த 75,000 ரூபாய். வெள்ளத்துக்கு முன் வண்டியை விற்றிருந்தால் 2,75,000 ரூபாய் வரை கிடைத்திருக்கும். பாடியில் துருவே இல்லை. அம்மாவை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது இந்த வண்டியில்தான் என்பதால், வழியில் நின்றுவிடாத வண்டியாக அது திரும்பி வர வேண்டும். எந்த வழியில் போகலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை லேத்து

ஐயா, மூன்று தொகைகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எஞ்சினின் அடிப்பகுதி, அதாவது பிளாக்கும் (சிலிண்டர்கள் அமைந்த உடல்பகுதி) கிராங்க் ஷாஃப்டும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), எந்த நிலையில் இருக்கின்றன என்று அளந்து பார்க்காமல் யார் சொல்லும் தொகையும் ஊகம்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எஞ்சின் போரிங் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும்) வேலை செய்பவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் எஞ்சின் 1,248 சி.சி.; ஒரு சிலிண்டருக்கு 312 சி.சி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேல் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 19 சி.சி. மட்டுமே. நான்கு தேக்கரண்டித் தண்ணீர் உள்ளே இருந்தாலே அந்த இடம் நிறைந்துவிடும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது என்பதால், ஏறி வரும் பிஸ்டனின் விசை முழுவதும் ராடின் மீது இறங்கி அதை வளைக்கிறது. ஆகவே ஒரு ராடு கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருந்தால், மற்ற மூன்றில் ஏதேனும் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. பலர் ஒரே ஒரு ராடை மாற்றி எஞ்சினை மூடிவிடுகிறார்கள். சில ஆயிரம் கிலோமீட்டரில் வேறொரு ராடின் பேரிங் தேய்ந்து, பிளாக்கையே உடைத்துக்கொண்டு ராடு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் முழுவதும் பிரிக்கவில்லை என்றால், நான்கு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேல்தளத்தோடு ஒப்பிட்டு டயல் கேஜ் என்னும் அளவுமானியில் உயரம் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ராடு குட்டையாகிவிடும் என்பதால் அந்தப் பிஸ்டன் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும். அடுத்து, சிலிண்டர்களை உள்விட்டம் அளக்கும் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்தால் தேய்மானமும் முட்டை வடிவமும் தெரிந்துவிடும். கீறலின் மேல் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டாமல் வழுக்கிச் சென்றால் ஹோனிங் (சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) போதும், தட்டினால் போரிங் அல்லது ஸ்லீவ் (உள்ளே செருகும் புதிய உறை) வேண்டும். கிராங்க் ஷாஃப்டை வி-பிளாக் என்னும் வி வடிவத் தாங்கியில் வைத்துச் சுற்றி வளைவு பார்க்க வேண்டும். சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட்டுக்கு மட்டம் பார்ப்பதோடு விரிசல் சோதனையும் செய்ய வேண்டும்.

கிராங்க் நேராக இருந்து, பிளாக்கும் ஹோனிங்கோடு முடிந்துவிடுமானால் சரிசெய்வதே நல்லது. கிராங்க் வளைந்தோ பிளாக் விரிசல் விட்டோ இருந்தால் அதில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். வளைந்த ராடை அமுக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் வேலையே கொடுக்காதீர்கள்.

மதுரை சாலை

பழைய எஞ்சின் வழியில் நான் போயிருக்கிறேன் என்பதால் இரண்டு செய்திகள் சொல்கிறேன். இதே 1.3 டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் வண்டிகளில் 75 குதிரைத்திறனோடும், எர்டிகா, சியாஸ் போன்றவற்றில் வேறு டர்போவோடு (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) 90 குதிரைத்திறனோடும் வந்தது. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்று கேட்காமல் வாங்கினால் டர்போவும் வயரிங்கும் ஒத்துவராமல் அலைய நேரிடும்.

இரண்டாவது, எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் முறையான ரசீதும் பழைய வண்டியின் ஆவணமும் இல்லையென்றால், அது திருட்டு வண்டியின் எஞ்சினா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. எனக்கு எஞ்சின் நன்றாகவே அமைந்தது, ஆனால் காகித வேலைக்கு ஏழு வாரங்கள் ஆயின.

நெல்லைத் தோழர்

வண்டிக்குப் பதினைந்து ஆண்டு நிறைவதும், பதிவைப் புதுப்பிக்க வேண்டியதும் 2029-இல் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2,75,000 மதிப்புள்ள வண்டியில் 2,10,000 போட்டால் விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வராது. ஆகவே புதிய எஞ்சின் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். காப்பீட்டில் எஞ்சினுக்குக் கிடைக்காவிட்டாலும், வெள்ளம் நேரடியாகக் கெடுத்த இருக்கை, தரைவிரிப்பு, மின்கருவிகள் ஆகியவற்றுக்குக் கோரிக்கை வைக்கலாம். தேய்மானத்துக்கான கழிவு போகத்தான் தருவார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 விழுக்காடு கழிப்பார்கள். ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

தென்சென்னைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோவை ஐயா சொன்னபடி, எஞ்சினை இறக்கி வேறொரு லேத்துப் பட்டறையில் அளக்கக் கொடுத்து, நானும் பக்கத்திலேயே நின்றேன். மூன்றாவது பிஸ்டன் 0.6 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. எவரும் சந்தேகப்படாத இரண்டாவது பிஸ்டனும் 0.15 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அந்த இரண்டாவது ராடைக் கழற்றி மட்டப் பலகையில் படுக்கவைத்தபோது, அதன் அடியில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது; கையில் வைத்துப் பார்த்தபோது நேராகத்தான் தெரிந்தது. கிராங்கில் வளைவு இல்லை, ஹெட்டில் விரிசல் இல்லை, கீறலில் நகம் தட்டவில்லை.

எனவே சரிசெய்ய முடிவெடுத்துவிட்டேன். நான்கு ராடுகளும் எடை பார்த்துப் புதிதாக, பிஸ்டன் ரிங்குகள், எல்லா பேரிங்குகளும், கேஸ்கட் செட், டைமிங் செயின், டர்போ சோதனை எல்லாம் சேர்த்து 1,18,000 ரூபாய் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். முதலில் சொன்ன 95,000-இல் ஒரே ஒரு ராடுதான் கணக்கில் இருந்தது.

கோவை லேத்து

நல்ல முடிவு. முடுக்கும் முன், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் அதன் குழாய்களையும் கழற்றி உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, ஏர் ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். இதை மறந்ததால் புதிய ராடுகளும் வளைந்த வண்டி ஒன்று எங்கள் பட்டறைக்கே வந்தது. முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலில் உலோகத் துகள் மின்னினால் வண்டியை ஓட்டாமல் உடனே பட்டறைக்குச் சொல்லுங்கள்.