புதுப்பிப்பு: கலிபோர்னியாவில் குடும்ப சிகிச்சையா, உளவளத்துணையா?

முன்பு கேட்டிருந்தேன்: திருகோணமலையில் உளவியல் பட்டம் முடித்து உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன், அக்கா கலிபோர்னியாவில் இருக்கிறா, அங்கே போய் எந்த முதுமாணி படித்தால் லைசன்ஸ் எடுக்கலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. திருமண, குடும்ப சிகிச்சைக்கான எம்.எஃப்.டி. பக்கம்தான் போகிறேன்.

காரணம் மணித்தியாலக் கணக்கு. அங்கே இந்த லைசன்ஸையும் எல்.பி.சி.சி. என்ற உளவளத்துணை லைசன்ஸையும் ஒரே சபைதான் தருகிறது, இரண்டுக்கும் மேற்பார்வையின் கீழ் 3,000 மணித்தியால அனுபவமும் குறைந்தது 104 வாரமும் வேண்டும், ஆனால் எம்.எஃப்.டி.யில் படிக்கும்போதே செய்வதில் 1,300 வரை சேர்த்துக்கொள்ளலாம், மற்றதில் எல்லாமே பட்டத்துக்குப் பிறகுதான். கடன் வாங்கிப் படிக்கப்போகிறவருக்கு இது சின்ன விஷயமே இல்லை! அப்புறம் சட்டமும் ஒழுக்கநெறியும் பற்றி ஒரு பரீட்சை, சிகிச்சை அறிவுக்கு இன்னொன்று.

வேறு மாநிலம் போக நினைப்பவர்கள் அந்த மாநிலச் சபையின் விதியைத் தனியாகப் பாருங்கள், ஒன்றுபோல் இருக்காது. எம்.எஃப்.டி. பாடநெறிக்கு கோஆம்ஃப்டி என்ற தர அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் இருந்தால் (உளவளத்துணைப் பாடநெறிக்கு காக்ரெப் என்ற அமைப்பு) பிறகு இடம் மாறுவது லேசு.

மூதூர்ப் பக்கம் வீடுகளுக்குப் போகும்போது ஒரு பிள்ளையை மட்டும் தனியே இருத்திப் பேசிப் பிரயோசனமில்லை, தாய், தகப்பன், அம்மம்மா எல்லோரோடும் சேர்ந்து இருந்தால்தான் ஏதாவது அசைகிறது. அதைத்தான் முறையாகப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இப்போது பட்டச் சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறேன்.