புதுப்பிப்பு: சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டு சர்வர் இப்போது வெளியே தெரிகிறது

வீட்டில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடும் இணையதளம் வெளியிலிருந்து திறக்கவில்லை, ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுச் சர்வருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டும் பலனில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, இப்போது ஓடுகிறது.

ரௌட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணையப் பக்கத்து ஐபி முகவரியைப் பார்க்கச் சொன்னவர் நோயைச் சரியாகப் பிடித்தார். முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் சிஜிநாட் (CGNAT), அதாவது இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து தரும் முறை; நமக்கென்று பொது ஐபியே கிடையாது. போர்ட்டை 8080-க்கு மாற்றி மாற்றிப் பார்த்த இரண்டு இரவும் வீண்தான்.

கைகொடுத்தது க்ளவுட்ஃபிளேர் டனல் யோசனை; க்ளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வழியாக வெளியாட்களை நம் சர்வருக்குக் கொண்டுவரும் சேவை அது. சர்வரே வெளியே போய் இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உள்வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டாம். என் டொமைனின் நேம்சர்வரை (தளத்தின் பெயர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சர்வர்) மட்டும் க்ளவுட்ஃபிளேருக்கு மாற்றினேன்.

எதிர்பாராத ஒன்று: டனல் அடிக்கடி அறுந்தது. அது இயல்பாக க்விக் (QUIC) என்ற தொடர்பு முறையில், யுடிபி (UDP) வகைப் போர்ட் 7844 வழியாகப் போகிறது. என் இணைப்பில் யுடிபி தகராறு போல. கான்ஃபிக் கோப்பில் புரோட்டோகாலை, அதாவது தொடர்பு முறையை, யுடிபி தேவைப்படாத எச்டிடிபி2 (http2) என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. அப்புறம், இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் அப்லோட் செய்ய முடியாது. பெரிய வீடியோக்களை வீட்டு வைஃபையிலேயே ஏற்றிக்கொள்கிறேன்.